காசிமேட்டு வெயிலும் பக்கெட்டிலேயே இறுகும் ரெசினும்

காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடும்போது, ரெசின் என்ற பிசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை அளந்தால் மட்டும் போதாது, வெயிலையும் அளக்க வேண்டும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் பாலியெஸ்டர் ரெசின், 35 டிகிரியில் ஏறக்குறைய கால் மணி நேரத்திலேயே ஜெல்லாகிவிடும்.

"சூடானால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி அதிகம் மோதும்" என்பது பாதி விளக்கம்கூட இல்லை. 25, 35 டிகிரி என்பது கெல்வினில் 298, 308. சராசரி வேகம் கூடுவது வெறும் 1.7 சதவீதம். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. மோதுகிற எல்லாமே வினைபுரியாது. வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, அதாவது கிளர்வு ஆற்றலை, தாண்டிய மோதல்தான் பலிக்கும். அப்படித் தாண்டுபவை மிகச் சொற்பம். சூடு சற்றே ஏறினாலும் அந்தச் சொற்பம் மடங்காகப் பெருகும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்து, வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889ல் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 25இலிருந்து 35 டிகிரிக்குப் போனால் வினை வேகம் 1.93 மடங்கு. கிளர்வு ஆற்றல் கூடக்கூட இந்த மடங்கும் கூடும்.

ரெசினில் இன்னொரு சிக்கல், வினையே வெப்பத்தை வெளிவிடும். ஹல்லில், அதாவது படகின் உடலில், மெல்லிசாகப் பூசினால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். பக்கெட்டில் மொத்தமாகக் கிடந்தால் நடுவில் தேங்கும். தேங்கிய சூடு வினையை முடுக்கும், வினை இன்னும் சூடாக்கும். முதலில் ஓரத்தில் ஜெல்லித் துண்டுபோலத் திரளும், பிறகு பக்கெட் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், ரெசினில் உள்ள ஸ்டைரீன் புகையாகக் கிளம்பும், கட்டி வெடிப்பு விடும். திரளத் தொடங்கியதைக் கண்ணாடி இழை விரிப்பில் தேய்க்காதீர்கள். இழைக்குள் இறங்காது, பின்னால் படலம் படலமாக உரியும்.

கோடையில் ஒரு நேரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததை அகலமான தட்டில் ஊற்றிவையுங்கள். டின் நிழலில் இருக்கட்டும். வெயிலில் காய்ந்த ஹல் காற்றைவிடச் சூடு என்பதால் வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது. வினையை முடுக்கும் கோபால்ட்டைத் தனியாகச் சேர்க்கும் ரெசின் என்றால் முதலில் அதை நன்றாகக் கலக்கி, பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும்.

கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் காலத்தில் 10ஐ ஒட்டி. நேரம் கிடைக்குமே என்று 5 கிராமுக்கு இறக்கினால், நாள்கணக்கானாலும் பிசுபிசுப்புப் போகாது, அந்த ஒட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதுதான்.