டைன்ஹாம் மாடல்: தபால் ஆபீஸ் வரிசைக்குக் கூரை ஏறிவிட்டது

ஆள் காலி செய்த டைன்ஹாம் கிராமத்தைச் சின்ன மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன்; அதில் தபால் ஆபீஸ் வரிசை வீடுகளுக்கு ஒருவழியாகக் கூரை போட்டாகிவிட்டது. நேரில் போனால் அந்தக் கூரையைப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த வேலையையே கையில் எடுத்தேன்.

டைன்ஹாம், இங்கிலாந்தின் டோர்செட் கடலோரம் உள்ள சின்ன கிராமம். 1943 நவம்பரில் ராணுவப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து 225 பேர் காலி செய்தார்கள். வீடுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று சர்ச் கதவில் ஒரு சீட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது, அதோடு சரி. சர்ச்சும் பள்ளிக்கூடமும் தப்பின. மற்ற வீடுகளில் பெரும்பாலும் மொட்டைச் சுவர்தான் மிச்சம்.

அளவெடுக்க முதலில் நம்பியது பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 வரைபடத்தை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்த வீடு எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நான் செய்வது 1:76, அதாவது நிஜத்தில் 76 மி.மீ. என்றால் மாடலில் 1 மி.மீ. வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தரையில் ஒன்றேகால் மீட்டர், மாடலில் 16 மி.மீ. வாசற்கதவின் அகலமே 12 மி.மீ.தான்! ஆகவே நீள அகலத்துக்கு டேப்போடு நேரில் போனேன். இன்றும் அது பீரங்கிப் பயிற்சி நிலம். பெரும்பாலான வார இறுதிகளில் திறந்துவிடுகிறார்கள்.

உயரத்தைக் காட்டிக்கொடுத்தது கணப்பு அடுப்பு. மாடித் தளம் உதிர்ந்துபோன வீடுகளில் மேல்மாடி அடுப்பு மட்டும் சுவரில் அந்தரத்தில் நிற்கிறது. அதன் அடிமட்டம்தான் மாடித் தரை. கீழே நின்று போட்டோ எடுத்துக் கற்களோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும்.

மாடலின் சுவருக்கு ஃபோம் போர்டு (நடுவில் நுரை வைத்த அட்டை), அதன்மேல் காற்றில் காயும் களிமண் மெல்லிய பூச்சு. கல் கீறுவதற்குப் பதம் முக்கியம். ஈரமாக இருந்தால் ஊசியோடு மண்ணும் இழுபடும்; நன்றாகக் காய்ந்துவிட்டால் ஓரம் பொரியும். விரல் வைத்தால் ரேகை பதியாமல் குளிர்ச்சி மட்டும் தெரிகிறதே, அப்போது கீற வேண்டும். வரி ரொம்ப நேராக வந்தால் புதுக் காம்பவுண்டு சுவர் மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் கோணட்டும்.

மாடலை 1943 இலையுதிர் காலத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கிடையாது; பள்ளி 1932இலேயே மூடிவிட்டது. தபால் ஆபீஸ் முன்னால் கான்கிரீட் டெலிபோன் கூண்டு உண்டு. இப்போது அங்கே நிற்பது 1985இல் சினிமாப் படப்பிடிப்பில் பழையது சேதமான பிறகு வைத்த மாற்று. அந்த ரகத்துக்குச் சிவப்பு உடம்பு கிடையாது, வெளிர் நிறம்தான்.

இனி செய்ய மிச்சமிருப்பதில் பெரியது டைன்ஹாம் ஹவுஸ். எலிசபெத் காலத்து மாளிகை. 1960களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். முகப்புப் படங்கள் கிடைத்துவிட்டன, பின்பக்கத்துக்கு உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. மாடலைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால் பின்பக்கமே தேவையில்லை. அந்த யோசனை நாளுக்கு நாள் பிடித்துக்கொண்டே வருகிறது.