ஊசி குத்துறதுக்கு முன்னாடி: பியானோ ஹாமரை கம்பியோட சேர்த்த வேலை

வீட்டுல இருக்கற பழைய அப்ரைட் (கம்பி நெட்டுக்குத்தா நிக்கற) பியானோவுல சுதி சரியாத்தான் நிக்குது, ஆனா நடுக்கட்டைங்க ஒண்ணு மெத்துன்னும் பக்கத்துலயே இன்னொண்ணு தகரம் தட்டின மாதிரியும் கேட்டுச்சு. இப்படி இருந்தா எல்லாரும் ஹாமர் (கட்டையை அமுக்கினா கம்பியை அடிக்கிற சின்ன சுத்தியல்) மேல சுத்தியிருக்கற கம்பளி ஃபெல்ட்ல ஊசி குத்து, இளகிடும்னுதான் சொல்வாங்க. குத்தின ஃபெல்ட்டை பழையபடி கொண்டுவர முடியாது, அதனால முதல்ல ஹாமர் தன்னோட கட்டைக்குரிய மூணு கம்பியையும் ஒரே நேரத்துல தொடுதான்னு பாத்துடலாம்னு இறங்கினேன்.

பாக்கறது ஈஸி. வலது பெடலுக்கு மரத்துண்டு முட்டுக்கொடுத்து டேம்பர் (கம்பியை அடக்கி வைக்கற ஃபெல்ட்) எல்லாத்தையும் விலக்கி வெச்சுட்டு, ஹாமரை விரலால தள்ளி கம்பியில லேசா ஒட்டுற மாதிரி பிடிச்சுக்கணும், அமுக்கினா ஃபெல்ட் நசுங்கி மூணையும் தொட்டுடும், அப்புறம் எல்லாமே சரியா இருக்கற மாதிரிதான் தெரியும். பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு கம்பியா நகத்தால சுண்டினா தொடுற கம்பி ‘டொக்’னு அடங்கிடும், தொடாதது ‘ணங்’னு பாடும். நடுப்பகுதியில பாதிக் கட்டைக்கு மேல ஏதாவது ஒரு கம்பி பாடுச்சு! இடைவெளி கண்ணுக்கே தெரியாது, காதுக்கு மட்டும்தான்.

அடுத்த கேள்வி, குத்தம் கம்பியிலயா ஹாமர்லயா. வரிசையா பல கட்டையில இடது கம்பியே பாடுதுன்னா முன்னாடி யாரோ ஹாமரை சாய்வா தேச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், அங்கொண்ணு இங்கொண்ணா மாறி மாறி வந்தா பெரும்பாலும் கம்பிதான். எனக்கு ரெண்டும் இருந்துச்சு. சில ஹாமர் நேரா போகாம பக்கவாட்டுல வேற சாயுது, அதுக்கு ஃபிளேஞ்ச் (ஹாமர் ஆடற கீல்) ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஒரு ஓரத்துல மெல்லிசு பேப்பர் துண்டு சொருகி முறுக்கினேன், இதை முடிக்காம தேய்க்க உக்காந்தா தேச்சது அத்தனையும் வேஸ்ட்.

அப்புறம் ஆக்ஷனை (ஹாமர் எல்லாம் உக்காந்திருக்கற பொறியமைப்பு) வெளிய எடுத்து வெச்சுட்டு கம்பி வேலை. பாடுற கம்பி ஹாமருக்கு எட்டாம பின்தங்கி நிக்குதுன்னு அர்த்தம், மேல அது வளையற இடத்துக்கு பக்கத்துல கொக்கி போட்டு நம்ம பக்கமா லேசா இழுத்தா முன்னாடி வந்துடும். வளைவு கொஞ்சம் நிமிர்றதால சுதி இறங்கும், திரும்ப சேர்க்கணும், அதனால ஃபைனல் ட்யூனிங்கை கடைசிக்கு தள்ளி வெச்சுட்டேன்.

கம்பி சமமான பிறகும் பாடுச்சுன்னா அப்பதான் ஹாமரை தொட்டேன். ஒல்லியான மரப்பட்டையில உப்புத்தாள் ஒட்டி, அடங்கின கம்பி தொடுற பக்கத்தை, பாடுற பக்கத்தை இல்ல, ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, திரும்ப சுண்டிப் பாரு, திரும்ப ஒரு இழுப்பு. பொறுமை போயிடும். பழைய பள்ளம் ஆழமா இருந்த ஹாமர்ல மட்டும் தோள்ல (நுனிக்குப் பின்னாடி இருக்கற பக்கச் சரிவு) இருந்து நுனியை நோக்கி ரெண்டு பக்கமும் தேச்சேன், நுனி தட்டையாகாம முட்டை வடிவம் நிக்கணும்.

சத்தம் எப்படி இருக்குன்னா, தகரம் மாதிரி கேட்ட கட்டைங்கள்ல முக்காவாசி ஊசியே இல்லாம அடங்கிடுச்சு. ஆனா எல்லாம் ஒரே அச்சா ஆகணும்னு நான் பிடிவாதம் பிடிக்கல. கேப்ரியல் வெய்ன்ரைக்னு ஒரு இயற்பியல்காரர் 1977ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு, மூணு கம்பியும் சேந்து பாலத்தை (கம்பி மேல உக்காந்திருக்கற மரக்கட்டை) தள்ளும்போது சக்தி சீக்கிரம் சவுண்ட்போர்டுக்கு (சத்தத்தை வெளிய விடற பெரிய பலகை) போயிடும், அதுங்களுக்குள்ள வித்தியாசம் இருந்தா பின்னாடி மெதுவா தேயற ஒரு நாதம் மிஞ்சும், அதுல ஹாமரோட ஏற்ற இறக்கத்துக்கும் பங்கு உண்டும்பாரு. அதனால எனக்கு வேண்டியது பக்கத்து கட்டையோட ஒத்துப்போற அளவு, அவ்வளவுதான். கிராண்டா (கம்பி படுத்திருக்கற பெரிய பியானோ) இருந்தா இடது பெடல் ஹாமரையே நகத்திடும், அந்த நிலையிலயும் சுண்டிப் பாக்கணும், நல்லவேளை அப்ரைட்ல அந்தத் தொல்லை இல்ல.

மேல் ரெண்டு ஆக்டேவ் இன்னும் பாக்கி. அங்க ஃபெல்ட் ரொம்ப மெல்லிசு, கொஞ்சம் அதிகமா தேச்சாலே மரம் கிட்ட வந்துடும், அதனால கம்பியை மட்டும் சமம் பண்ணிட்டு அந்த ஹாமருங்களை அப்படியே விட்டுடலாம்னு இருக்கேன்.