ரிப்போர்ட் நார்மல், நான் மட்டும் இல்லை

எனக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் மாறும், நெருங்கியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்று பயம் வாட்டும் மனநலப் பிரச்சனை) என்று எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகிறது. மாத்திரையும் கவுன்சலிங்கும் ஓரளவு கைகொடுத்தன. ஆனால் பீரியட்ஸுக்கு முந்தைய ஏழெட்டு நாள் மட்டும் எதற்கும் அடங்காது. தோழி போனை எடுக்காவிட்டால் என்னை விட்டுப் போய்விட்டாள் என்று நடுங்குவேன். ராத்திரி சண்டை, காலையில் மன்னிப்பு. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி அம்மாவிடம் இட்லி கேட்டுச் சாப்பிடுவேன்.

முதலில் கடலூரிலேயே ஒரு மகளிர் கிளினிக். ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். "எல்லாம் நார்மல்மா, கல்யாணம் ஆனா சரியாயிடும்." வயிறு எரிந்தது.

அடுத்து புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனை. சீட்டு போடுபவர் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி "என்ன பிரச்சனை, சத்தமா சொல்லுங்க" என்றார். மனநலப் பிரிவில், பீரியட்ஸ் என்றால் மகளிர் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், "ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுறீங்களே, அங்கயே போங்க." திரும்பி வருவதற்குள் ஓ.பி. முடிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை புத்திசாலித்தனமாக ஒரு நோட்டு கொண்டுபோனேன். இரண்டு மாத மனநிலையை நாள்வாரியாக எழுதியிருந்தேன். எழுதியது ரெட்டிச்சாவடியிலிருந்து அரியாங்குப்பம் வரை, பஸ்ஸில். ஜூனியர் டாக்டரம்மா இரண்டு பக்கம் புரட்டினார். ஒரே பேனா, வேகத்தடை வரும் இடமெல்லாம் எழுத்து துள்ளியிருந்தது. "பஸ்லயே எழுதினீங்களா?" என்று சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் உட்காரவைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். கருமுட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். பீரியட்ஸுக்குச் சில நாள் முன் அதுவும் ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோனும் சரசரவென்று இறங்கும். அளவு மற்றவர்களுக்கு இருப்பதுபோலத்தான் இருக்கும், சிலருடைய மூளைக்குத்தான் அந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாது. அதனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாதாம். (தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தது மட்டும் வீணில்லை, அவை வேறு காரணங்களை ஒதுக்க உதவும் என்றார்.) ஞாபகத்திலிருந்து எழுதுவது செல்லாது. குறைந்தது இரண்டு சுழற்சிக்கு, தினமும் ராத்திரி, கோபம், அழுகை, பதற்றம், தூக்கம் ஒவ்வொன்றுக்கும் 1 (துளியும் இல்லை) முதல் 6 (மிகக் கடுமை) வரை மதிப்பெண் போட வேண்டும். இன்னும் இரண்டு மாதமா என்று மலைத்துப்போனேன்.

அண்ணன் பையனின் கிராஃப் நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்து ஆரம்பித்தேன். பீரியட்ஸ் தேதியை அதில் குறிக்கவே இல்லை. தெரிந்தால் மதிப்பெண்ணை நானே கூட்டிப் போட்டுவிடுவேனோ என்று பயம். தேதிகள் அம்மாவின் காலண்டரில் இருந்தன. பால் கணக்குக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பழைய காலண்டர்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வேலைகளை நான் கோபத்தில் விட்ட நாட்கள், இரண்டுமே அந்தக் குறிக்கு நாலைந்து நாள் முன்னால்.

தாளைப் பார்த்த பெரிய டாக்டர் இந்த முறை வேறெங்கும் அனுப்பவில்லை. நான் பி.எம்.டி.டி. என்றுதான் நினைத்திருந்தேன், அதாவது பீரியட்ஸுக்கு முன் மட்டும் வந்துபோகும் கடுமையான மனநிலைக் கோளாறு, 2013-ல் டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு மனச்சோர்வு நோய்களோடு சேர்த்தது. அதுவானால் பீரியட்ஸ் முடிந்த வாரம் மதிப்பெண் ஏறக்குறைய 1-க்கு வந்துவிட வேண்டுமாம். என்னுடையது 6-லிருந்து 3-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய் மாதவிடாய்க்கு முன் முற்றுகிறது என்று எழுதினார். மருந்தில் செய்த மாற்றத்தை இங்கே எழுத மாட்டேன், பார்த்துவிட்டு யாராவது தானே கூட்டிச் சாப்பிட்டால் வம்பு.

போகிறவர்களுக்கு: பழைய சீட்டு, மாத்திரை அட்டை இரண்டையும் கொண்டுபோங்கள். மனநலப் பிரிவு எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாக வேண்டும்போல் இருந்தால் தாள் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் ஒரு ராத்திரி பேசியிருக்கிறேன்.

அடுத்த ரிவ்யூ 23-ஆம் தேதி. காலண்டரைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "அந்த வாரம்தான்டி வருது. நானும் கூட வரேன்."