கொறங்காட்டுக்கு ஒரு சங்கிலிப் பரம்பு

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி அடைத்த மேய்ச்சல் காடுகள்) அடிக்கடி கலப்பை போட முடியாது. கொழுக்கட்டைப் புல் விழுந்து வேர்பிடித்து வருடக்கணக்கில் நிற்கிற இடம் அது. உழுதால் புல் போய்விடும். உழாமலே விட்டால் மேல்மண் இறுகி, போன வருடத்துக் காய்ந்த புல் தட்டு அடியில் மெத்தையாகப் படுத்து, புதுத் துளிருக்கு வெளிச்சம் போகாது. இது போதாதென்று மாடு போட்ட சாணி குவியல் குவியலாகக் கிடக்கும். சாணி விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள புல்லை மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். காட்டில் புல் இருந்தும் மாடு மேயாத திட்டுகள் உண்டாவது இப்படித்தான்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரிப் புல்வெளி நாடுகளில் இந்த வேலைக்குச் சங்கிலி வலை (சங்கிலிப் பரம்பு) ஒன்றை டிராக்டருக்குப் பின்னால் இழுக்கிறார்கள். இரும்புக் கம்பிகளை வளையம் வளையமாகக் கோத்த பாய், அதில் கீழ்நோக்கி முட்கள். மண்ணைப் புரட்டாது, மேலாகக் கீறும், சாணியை உடைத்துப் பரப்பும், பழைய தட்டைச் சீவி எடுக்கும். தென்னந்தோப்புக்கு வாங்கிய 24 ஹெச்பி மினி டிராக்டர் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது, அதற்கு இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

சங்கிலி கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, 10 மி.மீ. கனம். வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பளு தூக்கும் கிரேன் சங்கிலி வேண்டாம். அது கடினமாக்கிய எஃகு, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் நொறுங்கும் குணம் வந்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. சங்கிலியும் வேண்டாம். பற்றவைக்கும்போது வருகிற வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். பூச்சில்லாத, துருப்பிடித்த சாதா இரும்புச் சங்கிலிதான் நல்லது. பார்க்க அசிங்கமாக இருந்தால் விலையும் குறையும்.

முன்னால் 50க்கு 50 மி.மீ. ஆங்கிள் ('எல்' வடிவ இரும்புச் சட்டம்), ஐந்தடி நீளம். மினி டிராக்டரின் பின்சக்கரங்கள் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு சுமார் நாலடி. ஐந்தடி இருந்தால் சக்கரத்தடமும் அதிலேயே அழிந்துவிடும். ஆங்கிளிலிருந்து அரையடிக்கு ஒன்றாக, நாலடி நீளத்தில் பதினோரு சங்கிலிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றையும் டி ஷேக்கிள் (ஆணி போட்டுக் கழற்றி மாட்டுகிற 'டி' வடிவ வளையம்) போட்டு மாட்டியிருக்கிறேன், வெல்டிங் இல்லை. காரணம் பின்னால் வரும். முட்களுக்கு 12 மி.மீ. கம்பியை நாலங்குலத் துண்டுகளாக வெட்டி, நடுவில் லேசாக 'வி' வடிவில் வளைத்து, நாலு கண்ணிக்கு ஒன்று என்று குறுக்கே பற்றவைத்தோம். பற்று கண்ணியின் நடுத்தண்டில் மட்டும்தான் விழ வேண்டும். கண்ணியும் கண்ணியும் உரசுகிற வளைவில் பட்டால் சங்கிலி மடங்காது, விறைத்த கம்பியாகிவிடும். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளில் முட்கள் ஒரே நேரில் வராமல் தள்ளித் தள்ளி வைத்தோம், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கொத்திக்கொள்ளும். நடுவிலும் கடைசியிலும் 6 மி.மீ. சங்கிலியைக் குறுக்கே ஓட்டிக் கட்டியது திரும்பும்போது எல்லாம் ஒரு பக்கமாகச் சுருளாமல் இருக்க.

பட்டறைக்காரர் வேலை முடித்துவிட்டு, "ஏனுங்ண்ணா, இது எடை பத்துமுங்களா?" என்றார். கம்பி எடைக்கு அவர்கள் வைத்திருக்கிற கணக்கு எனக்குப் பிடிக்கும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. அப்படிக் கூட்டிப் பார்த்ததில் எல்லாம் சேர்ந்து ஐம்பது கிலோவை ஒட்டி வந்தது. ஐந்தடி அகலத்துக்கு அது குறைச்சல் என்றுதான் அவர் நினைத்தார். காட்டில் இழுத்துப் பார்த்தபோது, எடையை விடக் கட்டுகிற விதம்தான் பெரிய விஷயம் என்று தெரிந்தது.

டிராக்டரின் இரண்டு கீழ் லிங்குக்கும் (கருவி மாட்ட, ஹைட்ராலிக்கால் ஏறி இறங்குகிற பின்கைகள்) நடுவே ஓட்டை போட்ட பட்டையை மாட்டி, அதன் நடு ஓட்டையில் ஒரு ஆணி போட்டேன். ஆங்கிளின் இரு முனையிலிருந்தும் வருகிற இரண்டு இழுவைச் சங்கிலிகள் அந்த ஆணியில் சேர்கின்றன. முதலில் இழுவை இரண்டடி தூரம்தான் இருந்தது. பட்டை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தது. வண்டி நகர்ந்ததும் ஆங்கிள் தரையை விட்டு எழுந்துகொண்டது, முன் வரிசை முட்கள் காற்றில், கடைசி ஓரடி மட்டும் மண்ணில். இரண்டடி நீளத்தில் ஓரடி ஏற்றம் என்றால் இழுக்கிற விசையில் பாதி மேலே தூக்கவே போய்விடும். நாலடி ஆக்கினால் கால்வாசிதான். இழுவையை நீட்டி, ஹைட்ராலிக்கை இறக்கிப் பட்டையை முக்கால் அடிக்குக் கொண்டுவந்ததும் அதே ஐம்பது கிலோ பாய் தரையோடு ஒட்டிக்கொண்டது. கூடுதல் எடைக்கென்று எடுத்துப்போன பழைய டயர்களை இறுகின மண்ணில் மட்டும்தான் மேலே கட்டினேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்தப் பொருளை இழுத்தாலும் டாப் லிங்க் (மேல் கை) மாட்டுகிற இடத்தில் சங்கிலியைக் கட்டவே கூடாது. பின் அச்சுக்கு மேலே இழுவை வந்தால், பாய் ஒரு வேரில் மாட்டிய நொடியில் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாக மல்லாக்கக் கவிழும். சின்ன டிராக்டருக்கு முன்பாரம் குறைவு, இன்னும் சீக்கிரம் கவிழும். வயலை மட்டமாக்கப் பரம்படிக்கும்போது பையன்கள் பலகை மேல் ஏறி நிற்கிற வழக்கத்தையும் இங்கே மறந்துவிட வேண்டும், இதில் முள் இருக்கிறது.

சங்கிலியில் கட்டி இழுப்பதற்கு ஒரு விலை உண்டு. இறுக்கித் திருப்பினால் ஆங்கிளின் உள்முனை பின் டயரைத் தொட வருகிறது. ரிவர்ஸ் என்ற பேச்சே இல்லை, போட்டால் பாய் சக்கரத்துக்கு அடியில் போய்விடும். அதனால் போய் வந்து ஓட்டாமல், கிளுவை வேலியை ஒட்டிச் சுற்றி வந்து, உழவுக்கு விளா பிடிக்கிற மாதிரி உள்ளே உள்ளே வருகிறேன். மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டு, விட்டுப்போன முக்கோணங்களைக் கண்டுகொள்வதில்லை. வேலிக் கடவைத் தாண்ட வேண்டுமானால் பாயின் வாலைத் தூக்கி ஆங்கிள் மேல் மடித்துக் கொக்கியில் மாட்டி, ஆங்கிளைப் பட்டையோடு சேர்த்துக் கட்டி, லிங்கைத் தூக்கிக்கொண்டு போகலாம். வெறும் லிங்கை மட்டும் உயர்த்தினால் பாதி பாய் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும்.

வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டரை ஒட்டி. அதற்குக் கீழே போனால் சாணி உடையாமல் உருள்கிறது, அதிகமானால் பாய் குதிக்கிறது. ஐந்தடி அகலத்தில் கணக்குப்படி மணிக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் வர வேண்டும். வெள்வேல மரங்களைச் சுற்றி, விழுந்த முள்ளைத் தவிர்த்து, அடைத்துக்கொண்ட தட்டை உதற நிறுத்தி ஓட்டினால் ஒன்றரை ஏக்கர்தான் ஆகிறது. உதறுவதற்கு இறங்க வேண்டியதில்லை. ஹைட்ராலிக்கைத் தூக்கி, இரண்டடி நகர்ந்து, இறக்கினால் போதும். வெள்வேல முள் முன் டயரில் ஏறுவதற்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

சாணி விஷயத்தில் பக்குவம் பார்க்க வேண்டும். அன்று போட்டது முட்களில் பூசிக்கொள்ளும், புல்லின் மேலும் பூசிவிடும். மாதக்கணக்கில் காய்ந்ததைக் கரையான் பாதி தின்று முடித்திருக்கும். மேலே ஓடு கட்டி உள்ளே லேசாக மிருதுவாக இருக்கும்போது இழுத்தால் துண்டு துண்டாகச் சிதறுகிறது, உள்ளங்கையளவுக்கு மேல் ஒன்றும் தங்குவதில்லை. வெயில் நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். சாணியில் இருக்கிற குடற்புழுக் குஞ்சுகள் சுடுமண்ணில் காய்ந்து சாகும். மழை ஈரத்தில் இழுத்தால் அவற்றை நாமே காடு முழுக்க விதைத்த கதைதான். பரப்பிய பட்டிக்குள் (வேலி பிரித்த காட்டுத் துண்டு) சில வாரம் மாட்டை விடாமல், அடுத்த பட்டிக்கு மாற்றிவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்துக்கார மாமா முழுவதையும் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, ரெண்டு வேலாமுள்ள வெட்டி மேல கல்ல வெச்சு இழுத்தா ஆகாதா?" என்றார். விதை மூடுவதற்கு என்றால் ஆகும்தான், எங்கள் தாத்தா காலத்தில் அதைத்தான் செய்தார்கள். சாணியை அது உடைக்காது, வழியெல்லாம் முள்ளையும் உதிர்த்துவிட்டுப் போகும்.

விதைக்கும் பயன்படுத்தினேன். ஷேக்கிள் வைத்தது இதற்குத்தான். முள்முனை முன்னோக்கி இருந்தால் மண்ணைக் கடிக்கும்; ஷேக்கிள்களைக் கழற்றி வாலைத் தலையாக்கி மாட்டினால் முனை பின்னோக்கிச் சாய்ந்து தடவிக்கொண்டு போகும். கொழுக்கட்டை விதை பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கையில் விசிறினால் காற்று கொண்டுபோகும். ஈர மணலில் கலந்து விசிற வேண்டும். புதிதாக உருவின விதை உடனே முளைக்காது, சில மாதம் வைத்திருந்த பழைய விதைதான் வேண்டும். புரட்டாசியில் ஒரு மழை ஆனதும் முதலில் கடிக்கிற பக்கம் ஒருதரம், விதை போட்டு, தடவுகிற பக்கம் ஒருதரம். சரளை மேட்டில் ஒன்றும் வரவில்லை. மர நிழலை ஒட்டிய தாழ்வில் ஐப்பசிக்குள் பச்சை கட்டிவிட்டது.

ஷேக்கிள்களில் இரண்டின் ஆணி இப்போதே தேய்ந்திருக்கிறது, அடுத்து கனம் கூடினதாகப் போட வேண்டும். மாமா கொள்ளு விதைத்த காட்டுக்கு, மேலே கட்டிய டயரைக் கழற்றிவிட்டுப் பரம்பை வாங்கிப் போயிருக்கிறார்.