சேலைத் தலைப்பு எந்தத் தோளில்?

விளம்பரத்துக்கு ஒரு ஸ்டொக் படம், அதாவது இணையத் தளங்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் படம், எடுத்திருக்கிறீர்கள். அதில் இருக்கும் பெண் இடப்பக்கம் பார்க்கிறாள். உங்கள் விளம்பரத்தின் தலைப்பு வரி வலப்பக்கம் கிடக்கிறது. ஃபோட்டோஷொப்பில் ஒரே சொடுக்கில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடலாம். கொழும்பில் டிசைன் செய்பவர்கள் கை வைக்கக் கூடாத இடம் இதுதான்.

திருப்பியதும் சேலைத் தலைப்பு இடத் தோளிலிருந்து வலத் தோளுக்குப் போய்விடும். ஆணின் சட்டைப் பை வலப்பக்கம் ஏறும். இவை கூடச் சிலர் கண்ணுக்குத் தப்பலாம். சோறு பிசையும் கை, வெற்றிலைத் தட்டு நீட்டும் கை, திருநீறு பூசும் கை எல்லாம் இடக்கை ஆகிவிடுவது தப்பாது. நகைக்கடை விளம்பரத்தில் இடக்கையால் தாலிக்கொடி நீட்டினால் முதலாளி வேறெதையும் பார்க்கமாட்டார். படத்தை விட்டுவிட்டு எழுத்தை மறுபக்கம் மாற்றுங்கள். முடியாவிட்டால் அதே படத்தின் பக்கத்திலேயே, அதே மாடலை வைத்து அதே நாளில் எடுத்த மற்றப் படங்களைத் தேடுங்கள். எதிர்ப்பக்கம் பார்க்கும் படம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது ஊர். ‘தெற்காசியக் குடும்பம்’ என்று தேடினால் வருபவற்றில் மிகுதி இந்தியாவில் எடுத்தவை. பின்னால் மஞ்சளும் பச்சையுமாக ஓட்டோ நிற்கும், மேசையில் இந்திய ரூபாய்த் தாள் கிடக்கும், பிள்ளை வெள்ளையல்லாத நிறத்தில் சீருடை போட்டிருக்கும். நம் அரச பள்ளிகளின் வெள்ளைச் சீருடையைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு அந்த விளம்பரம் ஒரு நொடியில் வெளியூராகிவிடும். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, பின்னணியை மூலைக்கு மூலை பாருங்கள். கொழும்பு வானக்கோடு வேண்டுமென்றால் படம் எடுத்த ஆண்டையும் பாருங்கள். தாமரைக் கோபுரம் இல்லாத பழைய படங்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. சேலைக்கடைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் ஸ்டொக் படமே வேண்டாம். கடையில் இல்லாத சேலையைக் காட்டி ஆளைக் கூப்பிடுவது சரியில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கடைப் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. ஏ4 முழுப்பக்கம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல். சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் விட்டால் 2551க்கு 3579. 72 டிபிஐ என்று காட்டும் படத்தில் எண்ணை மட்டும் 300 ஆக்கினால் புதிதாக ஒரு பிக்சலும் பிறக்காது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சல்தான். அச்சில் அது பதின்மூன்றரை சென்டிமீற்றருக்கு மேல் தாங்காது. பக்கம் அமைக்கும் இன்டிசைனில் லிங்க்ஸ் பனலைத் திறந்து ‘எஃபெக்டிவ் பிபிஐ’ எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் பெரிதாக்கிய பிறகு மிஞ்சும் உண்மையான அளவு அதுதான். தூரத்தில் நின்று பார்க்கும் பிளெக்ஸ் பனருக்கு முழு அளவில் 72 இருந்தாலே போதும்.

இங்கே ஒரு துண்டுப்பிரசுரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் நிற்கவேண்டும். அதனால் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். இலை, கூட்டம், கல்சுவர் மேல் தமிழ் வைத்தால் முதலில் தொலைவது புள்ளி. ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும். இருண்ட நாலு நிறப் படத்துக்குள் 8 பொயின்ட் வெள்ளை எழுத்து இன்னும் ஆபத்து: ஒவ்வொரு நிறத்துக்குமான அச்சுத் தட்டுகள் ஒரு முடியளவு விலகினாலும் மை புகுந்து புள்ளியை மூடும். தடித்த எழுத்தாக 11 பொயின்டாவது வையுங்கள்; அல்லது எழுத்துக்குக் கீழே ஒரே நிறப் பட்டை ஒன்று போடுங்கள்.

திரையில் பளிச்சிடும் கடல் நீலமும் ரோஸ் சேலையும் சிஎம்வைகேக்கு, அதாவது அச்சின் நாலு மை நிறங்களுக்கு (சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு), மாறும்போது மங்கும். நிறத்தை மாற்றிய படத்தையே வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுங்கள். அச்சானபின் சண்டை வராது. நம் தோல் நிறத்தில் மஞ்சள் மஜென்டாவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மஜென்டா முந்தினால் முகம் வெயிலில் கருகியதுபோல் சிவக்கும்.

கூகிளில் கிடைத்த படம் எவரோ ஒருவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காக்கிறது. காசு கொடுத்து வாங்கினாலும் எல்லை உண்டு. ஷட்டர்ஸ்டொக், அடொபி ஸ்டொக் இரண்டிலும் சாதாரண லைசன்ஸில் 5,00,000 பிரதிவரை அச்சிடலாம். லோகோவுக்கு அந்தப் படம் ஆகாது. விற்பதற்கான கலண்டர், கோப்பை, டீஷேர்ட் என்றால் கூடிய லைசன்ஸ் வாங்கவேண்டும். ‘எடிட்டோரியல்’ என்று குறித்திருப்பது செய்திக்கு மட்டும். ஆடிவேல் கூட்டப் படத்தை எடுத்து வங்கி விளம்பரத்தில் போட முடியாது. அன்ஸ்பிளாஷ் இலவசம்தான், வணிகத்துக்கும் விடுகிறது. ஆனால் படத்தில் இருப்பவர் கையெழுத்திட்டுச் சம்மதம் தந்தார் என்பதற்கு அது பொறுப்பேற்காது. கடன், நோய், கருத்தரிப்பு பற்றிய விளம்பரத்தில் அடையாளம் தெரியும் முகத்தை இலவசத் தளத்திலிருந்து எடுத்துப் போடவே போடாதீர்கள். அந்த முகத்துக்குரியவர் எங்கோ உயிரோடு இருக்கிறார்.

ஒரு வாடிக்கையாளருக்கு வாங்கியதை இன்னொருவருக்குப் போட மறுபடி வாங்கவேண்டும். வேலைக் கோப்புறைக்குள்ளேயே படத்தின் இலக்கம், வாங்கிய திகதி, ரசீது மூன்றையும் போட்டுவையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே பிரசுரம் மறுபதிப்புக்கு வரும்போது முதலில் தேடப்போவது அந்த ரசீதைத்தான்.