பாக் அலெமாண்டே: பரீட்சைக்கு எடுப்பவர்கள் முதலில் மூச்சைக் குறியுங்கள்

பரீட்சை முடிவு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பாக்கின் ஏ மைனர் பார்டிட்டாவை (நடனப் பகுதிகளின் தொகுப்பு), அதாவது பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1013ஐ, இன்றைய ஃபுளூட்டில் வாசித்துப் பரீட்சை கொடுக்கப்போகிறவர்களுக்கு மட்டும் இது. ஸ்கேல், சைட் ரீடிங் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அதன் முதல் பகுதியான அலெமாண்டேயில் மதிப்பெண் கைவிட்டுப் போவது விரலால் அல்ல, மூச்சால். தொடக்கத்தில் ஒரே ஒரு செமிகுவேவர் ரெஸ்ட், அதாவது கால் அடி மௌனம். பிறகு மூச்சுக்கு இடமே தராத ஓட்டம். பலரும் தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் பார் கோட்டில் மூச்சு எடுக்கிறார்கள். அங்கே எடுக்கவே கூடாது. அந்த ரெஸ்ட்டைக் கவனியுங்கள்: இரண்டாவது சுரத்தில் கிளம்பி, அடுத்த அடியின் முதல் சுரத்தில் இறங்குவதுதான் இந்த நடை. ஆகவே அடியின் முதல் சுரத்தை வாசித்து, அதைச் சற்றே குறுக்கி, அதன் பின்பே மூச்சு. கோட்டில் எடுத்தால் இறங்கவேண்டிய சுரம் அறுந்து தனியே நிற்கும். எக்ஸாமினர் காதில் விக்கல் மாதிரி விழும்.

பென்சிலால் இரண்டு அளவில் குறியுங்கள். இசை வாக்கியம் முடியும் கேடன்ஸ்களில் பெரிய மூச்சு, நடுநடுவே சின்னது. காற்று மிச்சம் இருக்கிறதே என்று சின்னதைத் தாண்டிப் போகாதீர்கள். நாலு பார் கழித்து சுருதி இறங்கும்போதுதான் அதன் விலை தெரியும். மெட்ரோனோமை 60இல் வைத்து, மூச்சோடு சேர்த்தே மனப்பாடம் ஆகட்டும்.

மற்றவை சுருக்கமாக:

- மெதுவான பகுதியான சரபாந்தில் வைப்ரேட்டோ (சுரத்தின் அசைவு) தானாக வரும். முழுக்க நிறுத்திப் பழகி, நீண்ட சுரங்களில் மட்டும் திரும்பச் சேருங்கள்.
- கேடன்ஸில் ட்ரில் (பக்கத்துச் சுரத்தோடு வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) சேர்த்தால் மேல் சுரத்திலிருந்து, அடியின் மேலேயே தொடங்குங்கள். பாக் காலத்து ஃபுளூட் கலைஞர் குவான்ட்ஸ் 1752இல் எழுதியதும் அதுவே.
- நாக்கால் து-கு என்று ஒரே சீராக அடித்தால் தையல் மெஷின் சத்தம். டி-ரி என்று ஏற்றத்தாழ்வோடு நாக்கு போகட்டும்.
- மூலப்படியை ஒட்டிய ஊர்டெக்ஸ்ட் பதிப்பு வாங்குங்கள். பழைய பதிப்புகள் பலவற்றில் ஸ்லர்கள் (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகள்) பதிப்பாசிரியர் போட்டவை.

அலெமாண்டேயின் கடைசி மேல் ஏ, ஒற்றைச் சாவி கொண்ட பரோக் ஃபுளூட்டில் சுலபத்தில் பிடிபடாதது. நம் கருவியில் எளிதாக வந்துவிடுவதால் பலர் அலறவிடுகிறார்கள், சுருதி ஏறிவிடுகிறது. டியூனரை எதிரே வைத்துக்கொண்டு, மேலே போகப்போக உதட்டுத் துவாரத்தைச் சிறிதாக்குங்கள். காற்றின் அளவு குறையவேண்டும், வேகம் குறையக்கூடாது.