பூட்டிக் கிடந்த தொட்டில் அறை

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் நல அலுவலராகச் சேர்ந்த முதல் வாரம், குழந்தைகள் காப்பகத்தின் சாவியை என்னிடம் ஒப்படைத்தார்கள். திறந்தால் 2 தொட்டில்கள், உறை பிரிக்காத பொம்மைகள், சுவரில் உயிரெழுத்துப் படம். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின், அதாவது பையரின், ஆடிட் வரும் நாளில் மட்டுமே அந்த அறை திறக்கப்படும் என்பது பிறகுதான் தெரிந்தது.

30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். பெண்களை மட்டும் எண்ணியதால், 31ஆவது பெண்ணைச் சேர்ப்பதே கூடுதல் செலவு என்று முதலாளி நினைக்க அதில் இடமிருந்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து 50 பேர் என்று கணக்கை மாற்றினார்கள். தாய் நாளொன்றுக்கு 4 முறை காப்பகத்துக்குச் சென்று வரவும் வழி செய்தார்கள். மிகச் சரியான திருத்தம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் பெரிய நிறுவனங்களின் வேலையை வாங்கிச் செய்துகொடுக்கும், பத்துப் பதினைந்து பேரை வைத்து ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளை அது எட்டவில்லை.

தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, மதியத்துக்குள் ரவிக்கை நனைந்துவிடுவதை மறைக்க, முந்தானையை இழுத்துப் பிடித்தபடியே பீஸ்களைப் புரட்டுவாள். விசாரித்தேன். “பாப்பாவ எங்காத்தா பாத்துக்குதுங்க மேடம். அதுக்கும் முட்டிவலி, எத்தன நாளைக்குப் பாக்குமுங்க?” என்றாள். அடுத்த மாதம் ஓர் ஆயாவை நியமிக்க வைத்து அறையைத் திறந்தோம். முதலில் வந்த 3 குழந்தைகளில் அவளுடையதும் ஒன்று.

அதன் பிறகே நேரம் என்னும் சிக்கல் புரிந்தது. அங்கன்வாடி பிற்பகலிலேயே முடிந்துவிடும். எங்கள் ஆயா மாலை 5.30க்குக் கிளம்புவார்; சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்டு ஓடும். தாய்மார்கள் அந்த அரை ஷிப்டையும் அதற்கான கூலியையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆர்டருக்கு ஆள் பிரிக்கும்போது சூப்பர்வைசர் அவர்கள் பெயரைத் தவிர்த்தார். இரண்டாவது ஆயாவைக் கேட்டு வாங்கினேன். தாய்மார்களின் கூலி கூடியது. ஆனால் 12 மணி நேரம் அறைக்குள் இருந்துவிட்டு, தாயின் தோளில் தூங்கியபடியே வெளியேறும் குழந்தைகளைப் பார்க்கையில், நான் தாய்க்கு உதவினேனா, ஓவர்டைமுக்கா என்ற கேள்வி உறுத்தியது.

குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை, கேட்கும் தாய்க்கு ஒரு ஷிப்டு மட்டுமே தர வேண்டும், அதைக் காட்டி வேலை ஒதுக்கீட்டில் குறைக்கக் கூடாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். செக்கிங் பிரிவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். தையல் பிரிவுக்கான கடிதத்தை 2 முறை திருத்தி அனுப்பினேன். நான் அங்கிருந்து விலகும்வரை பதில் வரவில்லை.